ஒரே தாய்ச் செடி

குன்னூர் பக்கம் ஒரு தேயிலை நர்சரியில் சூப்பர்வைசர் வேலை. நாற்று வாங்க வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்த குளோன் நல்லா காய்ப்புக் கொடுக்கும்?" (குளோன் என்றால் ஒரே தாய்ச் செடியிலிருந்து வெட்டி வளர்க்கும் ரகம். தேயிலையில் காய்ப்பு என்றால் கொழுந்து.) பதிலுக்கு நான், "உங்க நிலம் மேடா, பள்ளமா? டிசம்பர்ல உறைபனி எங்கே விழும்?" என்று கேட்டால் பலருக்கு எரிச்சல் வரும். நாற்று விற்கிறவன் நிலத்தைப் பற்றி ஏன் கேட்கிறான்!

விதை போட்டு வளர்த்த பழைய தேயிலையில் ஒவ்வொரு செடியும் ஒரு மாதிரி இருக்கும். கட்டிங்கில் வருவது அப்படியல்ல. தாய்ச் செடியின் கிளையிலிருந்து ஓர் இலையும் அதன் கீழே சிறு தண்டும் இருக்கும்படி வெட்டி, பாலித்தீன் பையில் நடுகிறோம். வளர்ந்து வருவது அதே தாய்ச் செடிதான், மரபில் ஒரு மாற்றமும் கிடையாது. வாசனைக்குப் பேர் போன சி.ஆர். 6017 எங்கள் மாவட்டத்து கிரெய்க்மோர் எஸ்டேட்டில் தேர்ந்தெடுத்த குளோன். அதைக் கூடலூரில் ஒருவர் நடுகிறார், கோத்தகிரியில் ஒருவர் நடுகிறார். சில வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே தாய்ச் செடி என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

வித்தியாசம் பையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. மண்ணின் அமிலத்தைக் காட்டும் பிஎச் அளவு 4.5 முதல் 5 வரை இருந்தால் கட்டிங் ஒழுங்காக வேர் விடும். அதற்கு மேலே போனால், அதாவது அமிலம் குறைந்தால், வெட்டிய முனை வீங்கிக் கட்டியாகுமே தவிர வேர் இறங்காது. மேலே இலை வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும், அதுதான் ஏமாற்று. எங்கள் நர்சரி அக்கா ஒருவர் இலையை நம்பவே மாட்டார். சந்தேகம் வந்தால் ஒரு பையைக் கிழித்து அடியைக் காட்டுவார்: "பாருங்க தம்பி, மேலே சிரிக்குது, கீழே வீங்கிக் கிடக்குது." மண் அமிலம் குறைந்திருந்தால் அலுமினியம் சல்பேட் கரைசல் ஊற்றிச் சரி செய்கிறோம்.

நர்சரி வேலியோரம் ஹைட்ரேஞ்சியா இருக்கிறது, நல்ல நீலம். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ஆசைப்பட்டு ஒரு செடி வாங்கிப் போனார். அடுத்த பூ இளஞ்சிவப்பாக வந்ததும் போன் போட்டு, செடியை மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள் என்று சண்டை. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் வழியே ஏறுகிறது, பூ நீலமாகிறது. சுண்ணாம்பு கலந்த மண்ணில் அது கரையாமல் அப்படியே கிடந்துவிடும். செடி அதேதான் என்று சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆனால் மண்ணைத் திருத்த வழி இருக்கிறது. குளிருக்கு அப்படி ஒன்றும் இல்லை. மேகமும் காற்றும் இல்லாத டிசம்பர், ஜனவரி இரவுகளில் தரை சூட்டை எல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். காலையில் பார்த்தால் மேட்டில் உள்ள வரிசை பச்சையாக இருக்கும், கூப்பிடு தூரத்தில் பள்ளத்து வரிசை வெந்த கீரையாகக் கருகியிருக்கும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியை வைத்து மூடுவார்கள். தேயிலை இளங்கன்றுக்கு நம் ஆட்கள் தாகைச் செடியை வெட்டி மேலே போடுவார்கள். முழுத் தோட்டத்தையும் மூட யாரால் முடியும்?

இன்னொரு விஷயம், அதே குளிர்தான் சரிவில் நிற்கும் செடிக்கு நல்லதும் செய்கிறது. வளர்ச்சி மெதுவாகி, கொழுந்தில் வாசனை கூடுகிறது. குளிர்காலத் தேயிலைக்கு விலை கிடைப்பது அதனால்தான். கருக்குவதும் மணக்க வைப்பதும் ஒரே குளிர் என்று சொன்னால் புதிதாக வருபவர்கள் சிரிப்பார்கள்.

மழைக்கும் இதே கதை. 1946-ல் தென்னிந்தியாவுக்கு வந்த கொப்புள நோய் தேயிலைக் கொழுந்தைத் தாக்குவது, இலையில் ஈரம் காயாத நாட்களில்தான் பரவும். தென்மேற்கு மழை வாங்கும் கூடலூரில் அது ஜூன், ஜூலையில் கிளம்பும். வடகிழக்கு மழை வாங்கும் எங்கள் பக்கம் அக்டோபருக்கு மேல். கூடலூரில் மருந்து அடிக்கும் தேதியைப் பார்த்து இங்கே அடிப்பவர்களை என்ன சொல்ல? நல்ல வெயில் வந்தால் நோய் தானாக அடங்கும். அதனால் நிழல் மரக் கிளைகளை மழைக்கு முன்னால் கழிப்பது மருந்தைவிட உருப்படியான வேலை என்பது என் கட்சி.

போன வருஷம் கோத்தகிரி பக்கத்து கவுடர் ஒருவர் பள்ளத்தின் அடிவரை நாற்று கேட்டார். போய்ப் பார்த்தேன். கீழே எல்லையில் அடர்த்தியான வேலி. இறங்கி வரும் குளிர்காற்று வெளியேற வழியே இல்லை. "வேலியில வழி விடுங்க, அடியில தேயிலை வேண்டாம்" என்றேன்.

"நிலத்தைச் சும்மா போட்டா ஊர்ல சிரிப்பாங்களே, தம்பி."

கடைசியில் வேலியை இரண்டு இடத்தில் திறந்துவிட்டார், அடியில் மாட்டுப் புல் போட்டார். அதுவும் ஜனவரியில் கருகத்தான் செய்தது. ஆனால் புல் ஒரு மழைக்குத் திரும்பத் தழைத்துவிடும், தேயிலைக் கன்று கருகினால் குழி தோண்டி மறுபடி நட வேண்டும். அந்த நாற்று விற்பனை எங்கள் கையைவிட்டுப் போனதில் முதலாளிக்கு என் மேல் இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.