கிணற்று மேட்டில் கிடைத்த ஸ்டில்பைட்

புனேவுக்கு வந்த புதிதில் ஜியோலைட் என்ற படிகக் கற்களைத் தேடி இந்திராயணி ஆற்றுக்குள்ளேயே இறங்கி நடப்பேன். இரண்டு வருடம் அலைந்தும் கையில் சிக்கியதெல்லாம் வழவழவென்று உருண்ட கால்சிடனியும் குவார்ட்ஸும்தான். அவை கெட்டியான கற்கள், வெள்ளத்தில் உருண்டாலும் தாங்கும். ஜியோலைட் வகைகளான ஸ்டில்பைட்டும் ஹியூலண்டைட்டும் கத்தி முனை பட்டாலே கீறல் விழுகிற ஜாதி, தகடு தகடாகப் பிளந்துகொள்ளும், கல்லோடு கல் மோதினால் தூள்தான்.

இப்போது தண்ணீரை விட்டுவிட்டுக் கரையைத்தான் பார்க்கிறேன். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு வழிந்து வழிந்து, தோசையை அடுக்கிவைத்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்தது. ஒவ்வொரு அடுக்கின் மேல்பகுதியிலும் வாயுக்குமிழ்கள் மாட்டிக்கொண்டு பொந்துகளாக நின்றுவிட்டன, அப்புறம் பாறைக்குள் ஊறிய வெந்நீர் அந்தப் பொந்துகளில் படிகம் வளர்த்தது. ஆறு அறுத்த கரையில் இந்தப் பொத்தல் அடுக்கு தனிப் பட்டையாகத் தெரியும், சுத்தியலை அங்கே மட்டும் எடுத்தால் போதும்.

அதைவிட நல்ல இடம் புதிதாகக் கிணறு வெட்டிக் கொட்டிய கல் மேடு. பழைய பம்பாய்–புனே ரயில் பாதைக்காக போர் காட் (Bhor Ghat) மலைக் கணவாயைக் குடைந்தபோதே (1863இல் பாதை திறந்தது) அருமையான படிகங்கள் வெளியே வந்தன. உடைத்த பாறைதான் முக்கியம், அது யார் எதற்கு உடைத்ததாக இருந்தாலும் சரி. போன நவம்பரில் ஒரு விவசாயியிடம் "காகா, இந்த மேட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டேன், தாராளமாகப் பார் என்றார். தேங்காய் அளவுக் கல் ஒன்று பாதியாகப் பிளந்து கிடந்தது. உள்ளே சுவரில் பச்சைக் களிமண் போல மெல்லிய தோல், அதன்மேல் பொடிப்பொடியாக ஹியூலண்டைட், நடுவில் ஒற்றை ஸ்டில்பைட். அறுத்த கதிரை இடுப்பில் இறுக்கிக் கட்டிய கட்டு போலவே இரண்டு பக்கமும் விரிந்து, வெளிர் ஆரஞ்சு நிறத்தில், பக்கவாட்டில் திருப்பினால் முத்துப் பளபளப்போடு இருந்தது. அரை மணி நேரம் அந்த மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதே மேட்டில் லாமோன்டைட் என்ற இன்னொரு ஜியோலைட்டும் இரண்டு துண்டு கிடைத்தது. 1756இல் க்ரோன்ஸ்டெட் என்ற ஸ்வீடன்காரர் இப்படி ஒரு கல்லைச் சூடாக்கியபோது அது நுரைத்துப் பொங்கியது, அதனால்தான் கிரேக்கத்தில் 'கொதிக்கும் கல்' என்று பொருள்வரும்படி ஜியோலைட் என்று பெயர் வைத்தார். அப்படிப் பொங்க வைத்த நீர் படிகத்துக்குள்ளேயே இருப்பது. லாமோன்டைட் அந்த நீரை இழக்கச் சூடுகூட வேண்டாம், உலர்ந்த காற்றே போதும். இது தெரிந்திருந்தும் ஒரு துண்டை அலமாரியில் வைத்துவிட்டேன். கோடையில் திறந்து பார்த்தால் சுண்ணாம்பு போல வெளுத்துப்போயிருந்தது, விரல் பட்டதும் உதிர்ந்தது. மனசு ரொம்பவே கஷ்டப்பட்டது.

இன்னொரு துண்டைக் கொண்டுவந்த அன்றே தண்ணீர் நிரப்பிய ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடியிருந்தேன். அது இன்னும் கண்ணாடி போலத்தான் இருக்கிறது.