கெர்ரி வளையச் சாலைக்குக் கில்லார்னியில் தங்குவதா, கென்மேரில் தங்குவதா?

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், ஐவரா தீபகற்பத்தைச் சுற்றி வரும் ரிங் ஆஃப் கெர்ரி சாலையில் கார் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, இரவு தங்குவதற்குக் கில்லார்னி நல்லதா, கென்மேர் நல்லதா என்பதுதான். இரண்டு ஊர்களும் அந்த வளையத்தின் மேலேயே, மலைச்சாலையில் சுமார் 33 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. முழுச் சுற்றும் ஏறத்தாழ 179 கிலோமீட்டர். எங்கிருந்து கிளம்பினாலும் பார்க்கப்போவது அதே கடலையும் அதே மலைகளையும்தானே என்று தோன்றலாம். ஆனால் நாளின் எந்த வேளையில் சாலையின் எந்தப் பக்கத்தில் இருப்போம் என்பதைத் தங்கும் ஊர்தான் முடிவு செய்கிறது. அதனால் கையில் கார் இருப்பவர்களுக்கு நான் தயக்கமின்றிக் கென்மேரைச் சொல்வேன்.

இதற்கு முக்கியக் காரணம் சுற்றுலாப் பேருந்துகள். கோடைக்காலத்தில் காலை உணவு முடிந்ததும் அவை கில்லார்னியிலிருந்து புறப்பட்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், கில்லோர்க்ளின், காஹர்சிவீன், வாட்டர்வில், ஸ்னீம் என்ற வரிசையில் சென்று, பிற்பகலில் கென்மேர் வழியாகத் திரும்புகின்றன. குறுகலான இடங்களில் பெரிய பேருந்துகள் ஒன்றுக்கொன்று எதிர்ப்பட்டு நிற்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் இது. கில்லார்னியில் தங்கி அதே நேரத்தில் அதே திசையில் கிளம்புகிறவர், பேருந்தின் பின்கண்ணாடியைப் பார்த்தபடியே பல மணி நேரத்தைக் கழிக்க நேரிடும். நின்று பார்க்கும் இடங்களிலும் கூட்டம் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும்.

கென்மேரிலிருந்து கடிகார முள் திசையில் கிளம்பினால், பேருந்துகள் வடக்குக் கரையில் இருக்கும்போது தெற்குக் கரை முழுவதும் நமக்குக் கிடைக்கிறது. ஸ்னீம் வரையிலான பகுதியில் மரங்கள் அடர்ந்திருப்பதால் கடல் அவ்வப்போதுதான் தெரியும். அதை விரைவாகக் கடந்துவிடலாம். அதன் பிறகுதான் சாலை விரிந்த காட்சிகளைத் தரத் தொடங்குகிறது. காஹர்டேனியலுக்கு அருகில், கத்தோலிக்கரின் உரிமைகளுக்காகப் போராடிய அயர்லாந்து அரசியல் தலைவர் டேனியல் ஓகானலின் மூதாதையர் வீடான டெரிநேன் இல்லம் இருக்கிறது. அதையொட்டிய கடற்கரையில் காலை வேளையில் ஆள் நடமாட்டம் குறைவாக இருக்கும். அங்கிருந்து கூமகிஸ்டா கணவாய்க்கு ஏறினால், தீவுகள் சிதறிக் கிடக்கும் விரிகுடா முழுவதும் கீழே தெரிகிறது. இந்தச் சாலையில் ஒரே ஓர் இடத்தில்தான் நிற்க முடியும் என்றால் நான் நிற்க விரும்பும் இடம் அதுதான்.

அயர்லாந்தில் வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்கின்றன. கடிகார முள் திசையில் தீபகற்பத்தைச் சுற்றும்போது இடப்பக்கம் கடலின் பக்கமாக அமைவதால், எதிர்வரும் வாகனங்களைக் கடந்து திரும்பாமலேயே கடலோர நிறுத்தங்களில் ஒதுங்கிக்கொள்ளலாம். ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு நாள் முழுவதும் தடையில்லாத காட்சியும் கிடைக்கிறது. இதில் ஒரு சிரமத்தையும் மறைக்கக் கூடாது: எதிரே பேருந்து வந்துவிட்டால் விளிம்பு ஓரமாக ஒதுங்க வேண்டியவர் நாம்தான். குறுகிய சாலைகளில் ஓட்டிப் பழக்கமில்லாதவருக்கு அது அச்சம் தரக்கூடியது.

ஆனால் அந்தச் சந்திப்பைப் பெரும்பாலும் தவிர்க்க வழி உண்டு. நண்பகலை ஒட்டி வாட்டர்வில்லைக் கடந்ததும் முதன்மைச் சாலையை விட்டு விலகி, பாலின்ஸ்கெலிக்ஸ் வழியாகச் செல்லும் ஸ்கெலிக் ரிங் என்னும் சிறிய சுற்றுப்பாதையில் நுழைந்துவிட வேண்டும். பெரிய பேருந்துகள் அந்தப் பாதைக்கு வருவதில்லை. செயிண்ட் ஃபினியன் விரிகுடாவைத் தாண்டிச் செங்குத்தாக ஏறும் அந்தச் சாலையிலிருந்து, கரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் கூர்மையாக எழுந்து நிற்கும் ஸ்கெலிக் மைக்கேல் பாறைத்தீவைப் பார்க்கலாம். பழங்காலத் துறவிகள் கல்லடுக்கிக் கட்டிய குடில்கள் அதன் உச்சிக்கு அருகில் இன்றும் இருக்கின்றன. 1996ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. போர்ட்மகீயில் இறங்கிப் பாலத்தைக் கடந்தால் வாலென்ஷியா தீவு. அட்லாண்டிக் கடலுக்கு அடியில் நியூஃபவுண்ட்லாந்து வரை 1866ஆம் ஆண்டு இடப்பட்ட தந்திக் கம்பிவடம் தொடங்கிய இடம் அது. இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு முதன்மைச் சாலைக்குத் திரும்பும்போது பேருந்துகள் தெற்குக் கரைக்குப் போயிருக்கும். வடக்குக் கரை நமக்காகக் காலியாக இருக்கும்.

கில்லார்னிக்கும் கென்மேருக்கும் இடையிலான மலைச்சாலை வழியாக அன்று மாலை திரும்பினாலும், அதை நின்று பார்ப்பதை வேறொரு காலைக்கு ஒதுக்கி வைப்பது நல்லது. கென்மேரிலிருந்து மோல்ஸ் கேப் என்ற கணவாய்க்கு ஏறி வடக்கே இறங்கும்போது லேடீஸ் வியூ என்ற இடத்தில் கில்லார்னி ஏரிகள் நேர் எதிரே விரிகின்றன. 1861ஆம் ஆண்டு விக்டோரியா அரசியுடன் வந்த பணிப்பெண்கள் வியந்து நின்றதால் ஏற்பட்ட பெயர் அது. கில்லார்னியிலிருந்து வருகிறவர்களுக்கோ அந்தக் காட்சி முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

கூடுதலாக ஒரு நாள் இருப்பவர்களுக்குக் கென்மேர் இன்னும் பொருத்தமானது. ஐவராவும் அதன் தெற்கே இருக்கும் பேரா தீபகற்பமும் பிரியும் இடத்தில்தான் அந்த ஊர் இருக்கிறது. பேராவின் நடுவே வளைந்து வளைந்து ஏறும் ஹீலி கணவாய், பஞ்ச காலத்தில், 1847ஆம் ஆண்டு, நிவாரணப் பணியாக வெட்டத் தொடங்கிய சாலை. அதன் உயரம் 334 மீட்டர்தான் என்றாலும், மேலே நின்று இரு புறமும் பார்க்கும்போது அந்த எண் சிறியதாகத் தோன்றுவதில்லை. கில்லார்னியில் தங்கியவர் இதைப் பார்க்க, மலைச்சாலையைக் காலையிலும் மாலையிலும் கூடுதலாகக் கடக்க வேண்டும்.

கார் ஓட்டாதவர்களுக்குக் கில்லார்னியே சரியான ஊர். அங்கே ரயில் நிலையம் இருக்கிறது, பேருந்துச் சுற்றுலாக்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன, அயர்லாந்தின் முதல் தேசியப் பூங்காவும் ஊரை ஒட்டியே தொடங்குகிறது. மக்ரோஸ் இல்லம், ராஸ் கோட்டை, டார்க் அருவி என்று நாள் முழுவதும் பார்க்க இருப்பதால், மழை விடாமல் பெய்தாலும் பொழுது வீணாகாது. டிசம்பர் மாதத்தில் போகிறவர்களும் அங்கேயே தங்கலாம். மாலை நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் அந்த நாட்களில் ஸ்கெலிக் ரிங்கையும் சேர்த்து முழு வளையத்தையும் ஒரே பகலில் முடிப்பது கடினம். பேருந்துகளும் குறைந்துவிடுவதால் அவற்றுக்காகத் திசையைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையும் அப்போது அதிகம் இருப்பதில்லை.