மூடிக்குள் இருக்கிற எண்

"அண்ணாச்சி, நூறு ஆக்டேன் போட்டா வண்டி பிச்சிக்கிட்டுப் போகுமா?" பாளையங்கோட்டைப் பக்கம் டர்போ கார் பார்க்கிற பட்டறைகளில் இந்தக் கேள்வி வராத வாரமில்லை. ஆக்டேன் என்பது பெட்ரோலின் பலம் அல்ல. அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் பொறுமை, அவ்வளவுதான். 91-க்கு வடிவமைத்த இன்ஜினில் 100 ஊற்றினால் கரைவது காசு மட்டுமே.

முதலில் பெட்ரோல் மூடியைத் திறந்து உள்ளே ஒட்டியிருக்கிற, வண்டி கேட்கும் ஆக்டேன் எண்ணைப் பாருங்கள். அமெரிக்கக் கையேட்டில் 91 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அது வேறு அளவுகோல், நம் கணக்கில் ஏறத்தாழ 95, 96. பெயரில் 'பவர்' இருப்பதாலேயே ஆக்டேன் கூடிவிடாது. பங்க் மெஷினில் எண் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சாதா பெட்ரோல் 91 ஆக இருந்த காலமும் போய்விட்டது. 20 சதவீத எத்தனால் கலந்ததில் ஆக்டேன் 95-க்கு ஏறிவிட்டது. ஆனால் எத்தனால் எரிந்து தரும் வெப்பம் பெட்ரோல் தருவதில் மூன்றில் இரண்டு பங்குதான். லிட்டருக்கு 6, 7 சதவீத ஆற்றல் குறையும். 10 சதவீதக் கலப்புக்கென வந்த பழைய வண்டிகளில் ரப்பர் ஹோஸ், சீல்களைச் சர்வீஸுக்குச் சர்வீஸ் பார்ப்பது நல்லது. அப்படிப்பட்ட வண்டி 98 கேட்டால், 40 லிட்டர் டேங்கில் எத்தனால் கலக்காத 100 ஆக்டேன் 24 லிட்டர், சாதா 16 லிட்டர். ஆக்டேன் 98-ஐ ஒட்டி நிற்கும், எத்தனாலும் 8 சதவீதத்தில் அடங்கும். 100 எல்லா பங்கிலும் கிடைக்காது, விசாரித்துவிட்டுப் போங்கள்.

சித்திரை வெயிலில் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றம்தான் உண்மையான பரீட்சை. ஆக்டேன் போதாவிட்டால் பெட்ரோல் தானாகப் பற்றி, பழைய இன்ஜின் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல் சத்தம் போடும்; இதுதான் 'நாக்'. புதிய வண்டியில் அதை உணரும் நாக் சென்சார், பொறி விழும் நேரமான டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடுவதால் சத்தமே இருக்காது, வண்டி மந்தமாகும். டேங்க் காலியாகும் தறுவாயில் புது பெட்ரோல் நிரப்பி, ஒரு டேங்க் ஓட்டி, இன்ஜின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி மூன்றாம் கியரில் முழு மிதி மிதித்துப் பாருங்கள். டைமிங் தொடர்ந்து 3, 4 டிகிரி பின்வாங்கினால் ஆக்டேனில் ஒரு படி மேலே போகலாம். பின்வாங்கவே இல்லையென்றால் இப்போது போடுவதே போதும்.

ஐந்தாம் கியரில் 1500 ஆர்பிஎம்மில் அழுத்தி மிதித்து ஏற்றுகிற பழக்கத்துக்கு மட்டும் எந்த ஆக்டேனும் மருந்தில்லை. பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்ஷன் டர்போவில் பொறி விழுமுன்னே எரிபொருள் பற்றி, பிஸ்டனையே உடைக்கும். டப்பாவில் ஏபிஐ எஸ்பி (API SP) என்று தரம் போட்ட இன்ஜின் ஆயிலைப் போட்டு, ஒரு கியர் இறக்கி ஏறுங்கள்.

மழைக்காலத்தில் வேறு தொல்லை. 2023 டிசம்பர் வெள்ளம் போல் வண்டி மூழ்கினால் டேங்கில் தண்ணீர் இறங்கும். எத்தனால் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். மேலே புது பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் அடித்துப் பார்க்காதீர்கள். டேங்கை முழுக்க வடித்து, ஃபில்டரை மாற்றிய பிறகே சாவியைத் தொட வேண்டும்.