டாக்டர் எழுதாத சொல்

எஸ்12.110ஏ. நோயாளியின் சார்ட்டை, அதாவது மருத்துவப் பதிவைப் படித்து, நோய்க்கும் காயத்துக்கும் உரிய கோடை, அதாவது குறியீட்டைப் போடுவது என் வேலை. இந்தக் கோடைப் போட்டுப் பல மாதங்கள் ஆகிவிட்டன. ஆடிட்டில் அந்தச் சார்ட்டுக்கு ஒரு பிழையும் வரவில்லை. ஆனாலும் மனம் அதை விட்டு நகர மறுக்கிறது.

டாக்டர் எழுதியிருந்தது 'சி2, டைப் 2 டென்ஸ் ஃபிராக்சர்' மட்டும்தான். இரண்டாவது கழுத்தெலும்பில் பல்லைப் போல மேலே நீண்டிருக்கும் பகுதி, அடியில் முறிந்திருக்கிறது. முறிந்த எலும்பு இடம்பெயர்ந்ததா (டிஸ்பிளேஸ்டு), பெயராததா (நான்டிஸ்பிளேஸ்டு) என்று அவர் எழுதவில்லை. சி.டி. ரிப்போர்ட்டில் மட்டும் 'அலைன்மென்ட் (எலும்புகளின் வரிசை) மாறவில்லை' என்று ஒரு வரி.

டீம் லீடிடம் போனேன். "மேடம், இது நான்டிஸ்பிளேஸ்டு தானே? எஸ்12.112 போடட்டுமா?"

"டாக்டர் அப்படி எழுதியிருக்காரா?"

"இல்ல. ஆனா சி.டி.யில அலைன்மென்ட் சரியா இருக்குன்னு..."

"ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் பண்றது நம்ம வேலை இல்லப்பா. எழுதலைன்னா டிஸ்பிளேஸ்டு. கைட்லைன் தெளிவா இருக்கே."

அவர் சொன்னது சரிதான். நாங்கள் பயன்படுத்தும் நோய்க் குறியீட்டுத் தொகுப்பான ஐசிடி-10-சிஎம்மின் விதி அதுவே. அவரவர் ஊகப்படி ஒவ்வொருவரும் கோடு போட்டால், அந்தப் பதிவுகளை வைத்து யாரும் எதையும் சொல்ல முடியாது. அதனால் 110ஐப் போட்டேன். அதன் முழுப் பெயர் 'முன்புறம் இடம்பெயர்ந்த டைப் 2 டென்ஸ் முறிவு'. முன்புறம் என்றும் டாக்டர் சொல்லவில்லை. கோடுகளைத் தேடும் அகரவரிசைப் பட்டியலான இன்டெக்ஸில் அந்தச் சொல் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது; அவர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கோடு அதேதான். ஆக, அவர் எழுதாத இரண்டு சொற்கள் என் கையால் ஒரு நோயாளியின் பதிவில் ஏறின.

மேடம் விதியைத்தான் சொன்னார். டாக்டரிடம் விளக்கம் கேட்டு குவெரி போட வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. "முறிவு இடம்பெயர்ந்ததா, இல்லையா, தீர்மானிக்க முடியவில்லையா?" என்று ஒரே கேள்வி போதும். குவெரி போட்டால் பதில் வரும்வரை சார்ட் ஹோல்டில் நிற்கும். அன்று நான் முடித்த சார்ட்டுகளின் எண்ணிக்கை ஏற்கெனவே குறைந்திருந்தது. விதி என்னைத் தடுத்தது என்று இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தடுத்தது விதி இல்லை.

இப்போது கழுத்தெலும்பு முறிவு என்றால், ஒரு சொல் விட்டுப்போயிருந்தாலும் குவெரி அனுப்புகிறேன். அதுவும் முழுக்கச் சரியா என்று தெரியவில்லை. 'ரிப்போர்ட்டைப் பார்க்கவும்' என்று மட்டும் பதில் வந்ததும் உண்டு. அப்போதெல்லாம் மேடம் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

அப்புறம் அதே நோயாளியின் அடுத்த சார்ட் என்னிடமே வந்தது. குணமாகும் கட்டம், ஏழாவது எழுத்து டி. இந்த முறை டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார்: 'நான்டிஸ்பிளேஸ்டு, முதல் படத்தில் இருந்தபடியே.' எஸ்12.112டி போட்டேன். இரண்டு கோடுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு, முன்னால் நகர்ந்திருந்த எலும்பு பிறகு தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது போலத் தெரியும். முதல் சார்ட்டை மறுபடி திறக்க முடியுமா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.