சன் சூவுக்கு ஒரு கட்டியகாரன்

இருபது மூட்டை அரிசியோடு ஒரு மாட்டு வண்டி புறப்படுகிறது. கூத்து ஆடும் களரியில் ஊர் விட்டு ஊர் போவதென்றால் ஒரு வட்டம் ஆடி வந்தால் போதும், கூத்துப் பார்த்து வளர்ந்த எல்லோருக்கும் அது தெரியும். முதல் வட்டம் முடிய வண்டிக்காரனுக்குப் பசிக்கிறது, மூன்று மூட்டை போய்விட்டது. அடுத்த வட்டத்தில் மாட்டுக்குப் பசி. மாடு என்பது சாக்குக்குள் முன்னும் பின்னுமாகக் குனிந்து நிற்கும் இரண்டு பொடியன்கள், பின்னால் நிற்பவன் தனக்குத் தனிப் பங்கு கேட்கிறான். பிறகு காவலுக்கு வந்தவனுக்கு, பிறகு காவலைப் பார்க்க வந்த காவலுக்கு. ஏழாவது வட்டம் ஆடி முடித்துத் தளபதிக்கு முன்னால் வந்து நிற்கும்போது வண்டியில் ஒரே ஒரு மூட்டை. தளபதி மூட்டையைப் பார்க்கிறார், வண்டிக்காரனைப் பார்க்கிறார், மாட்டைப் பார்க்கிறார். மாடு தலையைக் குனிந்துகொள்கிறது.

வன்னியில் முள்ளியவளைப் பக்கம் ஒரு வாசிகசாலை முற்றத்தில் இதை முதல் தடவை போட்டபோது, சனம் சிரித்து அடங்கும்வரை மத்தளக்காரர் அதே தாளத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். வட்டமும் மாடும் எங்களுடையவை. கணக்கு பழைய சீனத்துப் போர் நூலாசிரியர் சன் சூவினுடையது. அவருடைய போர் நூலின் இரண்டாம் அதிகாரத்தில் அப்படியே இருக்கிறது: எதிரியிடம் பறித்த ஒரு வண்டித் தானியம் நம் ஊரிலிருந்து வரும் இருபது வண்டிக்குச் சமம். ஒரு வண்டி போர்முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் இருபது வண்டி வழியிலேயே தின்று தீர்ந்துவிடும், அதுதான் காரணம்.

நான் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். இந்தக் கூத்தை என்னோடு சேர்ந்து கட்டியவர்கள் என்னிடம் படித்து முடித்துவிட்டு இப்போது தோட்டம், கடை, கந்தோர் என்று இருக்கும் பிள்ளைகள். எல்லாம் தொடங்கியது ஒரு வட்சப் செய்தியில்தான். கொழும்பில் வேலை செய்யும் என் அண்ணன் மகன், ஏதோ பயிற்சி வகுப்பில் கொடுத்தார்களாம் என்று சன் சூவின் நாலு வரியை அனுப்பினான். எதிரியை அறி, உன்னை அறி, அப்படியான வரிகள். வியாபாரத்தில் வெல்வதற்கு என்று கீழே போட்டிருந்தது. எனக்கு அது ஒட்டவில்லை. சரி, முழுதாகப் படித்துப் பார்ப்போமே என்று லயனல் ஜைல்ஸ் 1910-இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். 13 அதிகாரங்கள்தான், ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம். எனக்கு இரண்டாம் அதிகாரத்தைத் தாண்டவே மூன்று நாள் ஆனது. அந்த அதிகாரம் முழுக்க வீரம் ஒன்றும் இல்லை, செலவுக் கணக்கு. ஒரு லட்சம் பேர் கொண்ட படை என்றால் நாளுக்கு ஆயிரம் அளவு வெள்ளி. ரதம், கவசம், விருந்தாளிகளைக் கவனிக்கும் செலவு, அதற்குப் பிறகு பசை, பூச்சு. ஆமாம், பசை! இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழைய போர் நூலில் பசைக்கும் பூச்சுக்கும் கணக்கு இருக்கிறது. வாசித்த அந்த இடத்திலேயே எனக்கு ஒரு களஞ்சியக்காரன் கண்ணுக்குள் வந்து நின்றான், காதில் பென்சில் செருகியபடி, தளபதி போர்ப் பாட்டுப் பாடும்போதெல்லாம் குறுக்கே வந்து "ஐயா, பசைக்குக் காசு?" என்று கேட்டுக்கொண்டு.

ஆனால் வன்னியில் சண்டையைப் பற்றிப் பகிடியா? முதலில் கேட்டது என்னோடு படிப்பிக்கும் ஒரு ஆசிரியர். "ரீச்சர், எங்கட சனத்துக்கு முன்னால இதைப் போடப் போறியளோ?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, பயந்து கேட்டார். அவர் கேட்டது நியாயம். 2009-இல் போர் முடிந்த பிறகு இந்த மண்ணில் யாரையும் தொடாத சண்டைக் கதை என்று ஒன்று கிடையாது. அன்றைக்கு ஒத்திகையை நிறுத்திவிட்டு எல்லோரும் வட்டமாக இருந்து கதைத்தோம்.

தமிழில் இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. கிட்டத்தட்ட 900 ஆண்டுகளுக்கு முன் செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்தில் பேய்கள் கூழ் அடுவதைப் பாடினார். குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் முறை வைத்துக் கூழ் வார்க்கும் அந்த இடம் வாசிக்கும்போது சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அது வென்றவன் வீட்டுச் சிரிப்பு. கூழாய்க் கொதிப்பது தோற்றவனின் உடம்பு. எங்களால் அந்தப் பக்கம் நின்று சிரிக்க முடியாது. அதனால் அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தோம்: செத்தவரையும் காயப்பட்டவரையும் வைத்து ஒரு சொல்லும் இல்லை, படைக்குச் சோறு போடுகிறவனுக்கும் வண்டி இழுக்கிறவனுக்கும் மாட்டுக்கும் மட்டும்தான் பகிடி பேச உரிமை. சன் சூவின் நூலில் தளபதிக்குத்தான் வாய் இருக்கிறது. எங்கள் கூத்தில் அவருக்கு நேரே வாய் கிடையாது. அவர் எது சொன்னாலும் கட்டியகாரன்தான் சபைக்குச் சொல்ல வேண்டும். அரசனின் வரவைக் கட்டியம் கூறி அறிவிக்கிற அதே பழைய கட்டியகாரன். தளபதி ஒரு வரி சொல்வார், கட்டியகாரன் அதை ஊர்த் தமிழில் சொல்லும்போது அது வேறொன்றாகிவிடும். "உன்னையும் எதிரியையும் அறிந்தால் நூறு போரிலும் உனக்கு ஆபத்தில்லை" என்று தளபதி நெஞ்சை நிமிர்த்தியதும், கட்டியகாரன் "இதைத்தான் வள்ளுவர் எங்களுக்கு 471-ஆம் குறளில சொல்லிப்போட்டார்" என்று "வினைவலியும் தன்வலியும்" என எடுத்துக்கொடுப்பான். முன்வரிசைச் சிறுபிள்ளைகள் மிச்சத்தைக் கத்திச் சொல்லி முடிப்பார்கள். இது ஒரு இடத்திலும் பிசகியதில்லை, குறள் பாடமில்லாத பிள்ளை ஏது.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி சவர்க்காரக் காட்சி. படை நெருங்கினால் விலை ஏறும், விலை ஏறினால் சனத்தின் கையிருப்பு வற்றும் என்று சன் சூ ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த ஒரு வரியைப் பன்னிரண்டு நிமிடக் காட்சியாக்கினோம். ஒரு கடைக்காரி, அவளுக்கு முன்னால் ஒரு பார் சவர்க்காரம். திரைக்குப் பின்னால் பறை ஒரு தட்டு. படை ஒரு காதம் கிட்ட வந்துவிட்டது. கடைக்காரி நூலால் சவர்க்காரத்தை அறுக்கிறாள், விரல் தடிப்புக்கு. இன்னொரு தட்டு, இன்னும் மெல்லிசாக. விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. கடைசித் தட்டுக்கு அவள் அறுத்த துண்டைத் தூக்கி ரியூப்லைட்டுக்கு நேரே பிடிக்கிறாள், வெளிச்சம் அதற்குள்ளால் மஞ்சளாகத் தெரிகிறது. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் பற்றரியும் இல்லாமல் இங்கே வாழ்ந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இரண்டாம் தடவை போட்டபோது பாயில் இருந்த ஒரு ஆச்சி எழும்பி நின்று, "உன்ர சவுக்காரத்தை நீயே வைச்சிரு பிள்ளை, நான் பனம்பழத்தில தோய்ப்பன்!" என்றார். முற்றம் முழுக்கச் சிரிப்பு. கடைக்காரியாக நடித்த பிள்ளை பிறந்தது 2001-இல், பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்த கதை அவளுக்குத் தெரியாது. ஒரு கணம் திகைத்து நின்றாள், பிறகு "அப்ப ஆச்சி, அந்தப் பனம்பழம் ஒண்டு எனக்கும் தாங்கோ" என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்த வரி ஏட்டில் இருக்கிறது. கூத்து முடிந்த பிறகு அதே ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆர் பிள்ளை இந்தச் சீனாக்காரன், எங்களோட இடம்பெயர்ந்து வந்தவனே?" என்று கேட்டார்.

புழுதிக் காட்சியைப் பற்றிக் கொஞ்சம். புழுதி உயரமாகத் தூணாக எழுந்தால் ரதம், தாழ்வாகப் பரந்தால் காலாட்படை, திக்குத் திக்காகப் பிரிந்தால் விறகு பொறுக்கப் போகிறார்கள் என்று ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. எங்கள் ஒற்றையடிப் பாதையிலும் கிரவல் றோட்டிலும் வளர்ந்த பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, வருவது பஸ்ஸா லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரமா என்று புழுதியைப் பார்த்தே சொல்வார்கள். சப்பி நெல்லைச் சுளகால் தூற்றிப் புழுதி காட்டினோம். வெளிச்சத்தில் அழகாகப் பறந்தது, ஆனால் மத்தளக்காரருக்கு இழுப்பு வருத்தம், ஆகவே இப்போது அதைக் காற்றுத் திசை பார்த்துத்தான் செய்கிறோம்.

இனி அந்தப் பெண்களின் காட்சி. இதைப் பற்றி எழுதத்தான் இன்றைக்கு இருந்தேன்.

சீன வரலாற்றாசிரியர் சிமா சியான் சொல்லும் கதை இது. ஊ நாட்டு அரசன் ஹெலூ சன் சூவைச் சோதிக்க நினைத்து, பெண்களை வைத்துப் படைப்பயிற்சி செய்து காட்ட முடியுமா என்று கேட்கிறான். அரண்மனையிலிருந்து 180 பெண்கள் வருகிறார்கள். இரண்டு அணி, அரசனுக்குப் பிரியமான இரண்டு பேர் அணித்தலைவிகள். கையில் ஈட்டி. வலது பக்கம் திரும்பு என்று முரசு அடிக்கிறது, பெண்கள் சிரிக்கிறார்கள். கட்டளை விளங்காவிட்டால் அது தளபதியின் பிழை என்று சொல்லி மறுபடி விளக்குகிறார் சன் சூ. மறுபடி முரசு, மறுபடி சிரிப்பு. கட்டளை தெளிவாக இருந்தும் நடக்காவிட்டால் அது தலைவிகளின் பிழை என்று சொல்லி, அரசன் மேலே இருந்து வேண்டாம் என்று ஆள் அனுப்பியும் கேளாமல், அந்த இரண்டு பேரையும் வெட்டச் சொல்கிறார். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. பயிற்சி அச்சுப் பிசகாமல் நடந்தது. அரசனுக்கு மட்டும் இறங்கி வந்து பார்க்க மனமில்லை.

பயிற்சி வகுப்புகளில் இதை ஒழுங்குக்கு உதாரணமாகச் சொல்கிறார்களாம். எங்கள் பிள்ளைகள் வாசித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்கள். வெட்டிவிடுவோம், காட்சியை விட்டுவிடுவோம் என்று நானே சொன்னேன். அப்போது கடைக்காரியாக நடிக்கும் அதே பிள்ளை, "இல்லை ரீச்சர், இந்தக் கதை முழுக்கச் சண்டையைப் பார்த்துச் சிரிச்சது அவை மட்டும்தான். அவையை விட்டிட்டு நாங்கள் என்ன பகிடிக் கூத்துப் போடுறது?" என்றாள். எனக்கு அதற்கு மறுமொழி இருக்கவில்லை.

ஆகவே வைத்தோம். ஏழு பெண் பிள்ளைகள், கையில் ஈட்டிக்குப் பதில் தும்புத்தடி. முதல் முரசுக்கு வலது பக்கம் திரும்பச் சொன்னால் மூன்று பேர் வலது, மூன்று பேர் இடது, ஒருத்தி நேரே சபையைப் பார்த்து நிற்கிறாள். இரண்டாம் முரசுக்குக் கூத்து ஆட்டத்தையே தொடங்கிவிடுகிறார்கள், மத்தளமும் தளபதியை விட்டுவிட்டு அவர்களோடு போய்விடுகிறது. சனம் கைதட்டி ஆடும். மூன்றாம் முரசு. மத்தளம் நிற்கிறது. தலைவிகளாக வந்த இரண்டு பேரும் குனிந்து காற்சதங்கையைக் கழற்றிக் களரியில் வைத்துவிட்டு, இறங்கிப் போய்ச் சபையில் சனத்தோடு சனமாக இருக்கிறார்கள். மற்ற ஐந்து பேரும் வலது, இடது, முன், பின். ஒரே சீராக, சதங்கைச் சத்தம் மட்டும். கட்டியகாரன் இந்த இடத்தில் வாய் திறப்பதில்லை. கழற்றி வைத்த அந்த இரண்டு சோடிச் சதங்கையும் கூத்து முடியும்வரை அங்கேயே கிடக்கும், அடுத்து வரும் எல்லோரும் அதைச் சுற்றித்தான் ஆட வேண்டும், மாடும்கூட.

இறங்கி வந்த பிள்ளைகளுக்குச் சனம் பாயில் இடம் விட்டுக் கொடுத்தது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நடக்கிறது, நாங்கள் சொல்லிவைக்காமலே.

நெருப்பைப் பற்றிய பன்னிரண்டாம் அதிகாரத்தை நாங்கள் தொடவில்லை. உளவாளிகளைப் பற்றிய பதின்மூன்றாம் அதிகாரத்தையும் விட்டுவிட்டோம், அந்தச் சொல்லை இந்த ஊர் மேடையில் விளையாட்டாக உச்சரிக்க என்னால் முடியாது. ஆனால் அந்த அதிகாரத்தின் தொடக்கத்தில் இருக்கும் ஒரு கணக்கை மட்டும் எடுத்தோம். ஒரு லட்சம் பேரைப் படைக்கு எழுப்பினால் ஏழு லட்சம் குடும்பங்களின் உழைப்பு குழம்பிப் போகும் என்கிறார் சன் சூ. ஒரு வீடு ஆளைக் கொடுத்தால் மற்ற ஏழு வீடும் சேர்ந்து அந்த வீட்டையும் படையையும் தாங்க வேண்டும், அப்படித்தான் உரைகாரர் கணக்கை விளக்குகிறார்கள். எங்கள் கடைசிக் காட்சி அந்த ஏழு வீடு. காலபோக விதைப்புக்கு வயல் ஈரமாகி நிற்கிறது, ஏழு வீட்டுப் படலையையும் கட்டியகாரன் தட்டிக்கொண்டு போகிறான், ஒரு வீட்டில் மாடு, ஒரு வீட்டில் வண்டி, ஒரு வீட்டில் விதைநெல். வெறும் வயலில் கூத்து முடிகிறது.

போன மாதம் ஒட்டுசுட்டானில் போட்டோம். முடிந்து சாமான் கட்டும்போது ஒரு அப்பு வந்தார். சாக்கு மாட்டைத் தொட்டுப் பார்த்தார். "பிறகு அந்த ஏழு வீட்டுக்காரருக்கும் மாடு திரும்பிக் கிடைச்சதோ?" என்று கேட்டார்.

"புத்தகத்தில அது இல்லை அப்பு" என்றேன்.

"அப்ப நீங்கள் எழுதுங்கோவன்" என்றார். கட்டியகாரன் திரும்பி வந்து ஏழு படலையையும் தட்ட வேண்டுமாம். எந்த மாடு எந்த வீட்டுடையது என்று குறி பார்த்துச் சொல்லத் தானே வருவாராம். அவரிடம் இருந்து போன மாடுகளின் குறி அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. தரையில் ஒரு குச்சியால் கீறிக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. இன்னும் ஆறு மாடு வேண்டும், அதற்குப் பன்னிரண்டு பேர். அப்பு பின்னேரம் நாலு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.