லச்சகெட்ட கீரை மரமும் ஒரு தீவுக் குருவியும்

எங்கள் வீட்டுக் கொல்லையில் வெளிர்மஞ்சள் இலைகளோடு நிற்கும் லச்சகெட்ட கீரை மரத்தைப் பருப்புக் கூட்டுக்கு மேல் நான் மதித்ததில்லை. தாவரவியலார் பிசோனியா என்று அழைக்கும் இதே மரம், சீஷெல்ஸ் நாட்டின் கஸின் என்னும் சிறு தீவில் காடாகவே வளர்ந்து, உலகிலிருந்து மறையவிருந்த ஒரு பறவையைக் காத்தது என்று படித்த பிறகுதான் அதை நிமிர்ந்து பார்த்தேன்.

அந்தப் பறவை சீஷெல்ஸ் கதிர்க்குருவி. குளிர்காலத்தில் நம் வேலியோரப் புதர்களில் ‘சக், சக்’ என்று ஒலியெழுப்பும் பிளைத் நாணல் கதிர்க்குருவிக்கு உறவு. தென்னந்தோப்புக்காகக் காடு அழிக்கப்பட்டதால், 1960களில் ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள கஸின் தீவில் மட்டும் முப்பதுக்கும் குறைவான குருவிகளே எஞ்சியிருந்தன. 1968இல் பன்னாட்டுப் பறவைப் பாதுகாப்பு அமைப்பொன்று தீவை விலைக்கு வாங்கித் தென்னங்கன்றுகளை அகற்றியது. காடு மீண்டது, 1980களின் தொடக்கத்தில் குருவிகள் சுமார் 320 ஆயின, அத்துடன் இடம் தீர்ந்துபோயிற்று.

இடம் தீர்ந்த பிறகு நடந்தவைதான் என்னை வியக்க வைத்தன. இக்குருவி ஆண்டு முழுவதும் தன் எல்லையை விட்டுக்கொடுப்பதில்லை. இரையான பூச்சிகளில் பெரும்பகுதியை இலைகளின் அடிப்புறத்திலிருந்தே பொறுக்கி உண்பதால், ஓர் எல்லையின் மதிப்பை அங்குள்ள இலைகளையும் பூச்சிகளையும் எண்ணியே கணக்கிட்டுவிடலாம். டச்சு ஆய்வாளர் யான் கொம்டர் மாதந்தோறும் அவ்வாறே எண்ணினார். கூட்டில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான். பெட்டை மட்டும் சுமார் 18 நாள் அடைகாக்க, முட்டையைக் குடிக்க வரும் ஃபோடி என்னும் தூக்கணாங்குருவி இனப் பறவையை விரட்டுவதற்காக ஆண் கூட்டருகே காவல் இருக்கும்.

வளர்ந்த பிள்ளைகளுக்குத் தனி எல்லை கிடைக்காதபோது, அவற்றில் சில, குறிப்பாகப் பெட்டைகள், பெற்றோருடனேயே தங்கி அடுத்த குஞ்சுக்கு இரை ஊட்டுகின்றன. நம் கூட்டுக்குடும்பத்தை நினைவூட்டும் இந்த ஏற்பாட்டைத் தியாகம் என்று புகழ எனக்குத் தயக்கம் உண்டு. ஏனெனில் தங்கிய மகள் அதே கூட்டில் தானும் ஒரு முட்டை இட்டுவிடுவதும், குஞ்சுகளில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டுக்கு அக்கூட்டின் ஆண் தந்தையாக இல்லாதிருப்பதும் பின்னாளில் மரபணுச் சோதனையில் தெரியவந்தன.

இரை குறைந்த எல்லையில் தங்கும் மகள் உதவியல்ல, சுமை. அவள் தின்பது பெற்றோரின் பங்கிலிருந்து குறைகிறது. இரை செழித்த எல்லையிலோ ஓரிரு உதவியாளர்களால் பெற்றோரின் குஞ்சுப்பேறு கூடுகிறது. இந்தக் கணக்கைத் தாய்க்குருவி முட்டையிலேயே போட்டுவிடுகிறது என்று 1997இல் கொம்டரும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். உதவியாளர் இல்லாத இணைகளில், வறண்ட எல்லையில் இருந்தவற்றின் குஞ்சுகளில் 77 விழுக்காடு ஆண். செழித்த எல்லையில் 13 விழுக்காடு மட்டுமே ஆண். வறண்ட எல்லையில் மகன்களையே பெற்றுவந்த இணைகளை வேறொரு தீவின் செழித்த இடத்துக்கு மாற்றியபோது அவை மகள்களைப் பெறத் தொடங்கின. பறவைகளில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தாயின் கருமுட்டையே என்பதால் இது முடியாத காரியமல்ல. ஆனாலும் இவ்வளவு துல்லியமாக எப்படி என்று எண்ணி நான் அந்த எண்களை இரண்டு முறை படித்தேன்.

ஒரே தீவில் எல்லாக் குருவிகளையும் வைத்திருப்பது ஆபத்து என்பதால், 1988இல் அரீட் தீவுக்கும் 1990இல் கஸீன் என்னும் வேறொரு தீவுக்கும் தலா 29 குருவிகள் கொண்டுசெல்லப்பட்டன. 2004இல் டெனிஸ் தீவுக்கு 58, 2011இல் ஃப்ரெகேட் தீவுக்கு 59. கஸினில் காலியான எல்லைகள் சில மணி நேரத்திலேயே நிரம்பின. வந்து பிடித்தவை அக்கம்பக்கத்து உதவியாளர்கள்தான். ஆனால் செழித்த எல்லையில் தங்கியிருந்தவை, அதைவிட வறிய இடம் காலியாகக் கிடந்தும் அசையவில்லை. இரையும் இடமும் தாராளமாக இருந்த அரீட்டில் முதலில் எந்தக் குஞ்சும் பெற்றோருடன் தங்கவில்லை. அங்கும் நல்ல எல்லைகள் நிரம்பிய பிறகு, மகள்கள் மீண்டும் தாய்வீட்டில் தங்கத் தொடங்கினார்கள்.