ஆனோட் பைக்குள் கற்கண்டு

எங்கள் கம்பெனியை ஒரு ஜெர்மன் கம்பெனி வாங்கியபோது காரைக்குடியில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. கேட்டில் போர்டு மாறியது, சம்பளச் சீட்டில் பெயர் மாறியது, கேன்டீன் டீ அதே டீ. புதிதாக வந்தது வாரம் இரண்டு மீட்டிங். எங்களுடைய ஒரு பார்ட்டை அவர்கள் பிளான்ட்டிலும் ஓட்டப் போகிறார்களாம், அதனால் தெரிந்ததை எல்லாம் எழுதி ஷேர் போல்டரில் போடச் சொன்னார்கள்.

நாங்கள் செய்வது நிக்கல் முலாம். உட்கார்ந்து எழுதினேன். நிக்கல் சல்பேட், குளோரைடு, போரிக் ஆசிட் லிட்டருக்கு 40 கிராம், பிஎச் 4, சூடு 55 டிகிரி, பளபளப்புக்குச் சேர்க்கிற எங்கள் பிரைட்னர் அளவுகள், சின்னத் தொட்டியில் முலாம் போட்டுச் சோதிக்கிற ஹல் செல் தகடுகளின் போட்டோக்கள். ஒன்றும் விடவில்லை என்றுதான் நினைத்தேன். நான் இதையெல்லாம் கற்றுக்கொண்டதும் இதே ஊரில்தான்; 1953-ல் சிக்ரி என்கிற மத்திய மின் வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கே திறந்த நாளிலிருந்து மின் வேதியியல் பேச இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை.

குளிர்காலம் வந்ததும் அங்கே பீஸ் எல்லாம் ஊசி குத்தியது போலப் புள்ளி விழ ஆரம்பித்தது. திங்கள், செவ்வாயில் அதிகம், வெள்ளிக்கிழமை குறைவு. அளவை மறுபடி அனுப்பினேன், அவர்கள் லேப் ரிப்போர்ட்டை அனுப்பினார்கள், ரிப்போர்ட்டில் எல்லாம் சரி. ஆறு வாரம் இப்படியே ஓடியது. 'ரெண்டு பேரில் ஒருத்தர் பொய் சொல்கிறார்' என்கிற வாடை மீட்டிங்கில் அடிக்கத் தொடங்கியது.

டேங்க் பார்க்கிற அண்ணனை அதுவரை ஒரு மீட்டிங்கிலும் உட்கார வைத்ததில்லை. இங்கிலீஷ் வராது என்பது மேனேஜர் சொன்ன காரணம். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஒருநாள் போனை எடுத்துக்கொண்டு ஷாப்புக்கே போய்விட்டேன். அந்தப் பக்கம் ஒருவர் கேமராவைத் தொட்டி ஓரமாகக் காட்டிக்கொண்டே நடந்தார். அண்ணன் நாலு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம், "தம்பி, அந்த ஆனோட் பையைத் தூக்கச் சொல்லுங்க" என்றார். தொட்டிக்குள் தொங்குகிற நிக்கலைச் சுற்றிப் போட்டிருக்கும் துணிப் பை அது. தூக்கினார்கள். பையின் அடியில் வெள்ளையாக, கற்கண்டு மாதிரி, ஒரு கை அளவுக்குக் கட்டி.

போரிக் ஆசிட். தொட்டித் தண்ணீரில் அது குறைந்தால் புள்ளி விழும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க சனி, ஞாயிறு ஹீட்டரை அணைத்திருக்கிறார்கள், தொட்டி குளிர்ந்திருக்கிறது, கரைந்திருந்த ஆசிட் கட்டியாகி அடியில் தங்கிவிட்டது. அவர்கள் சாம்பிள் எடுப்பதோ வியாழக்கிழமை, அதற்குள் பெரும்பகுதி திரும்பக் கரைந்திருக்கும். நம் ஊர்த் தொட்டி மார்கழியில்கூட அந்த அளவுக்குக் குளிராது. நான் எதையும் மறைக்கவில்லை, வெயில் எங்களுக்காகச் செய்துகொண்டிருந்த வேலை என் கண்ணுக்கே தெரிந்ததில்லை.

எங்கள் ஐயா பர்மாவில் கொண்டுவிற்றவர், அதாவது வட்டிக்கடைத் தொழில் பார்த்தவர். எடுபிடி வேலைக்குப் பெட்டியடிப் பையனாகப் போய், உதவிக்கு அடுத்தாள் ஆகி, அப்புறம்தான் கடையை நடத்துகிற மேலாள். எங்கள் வீட்டு வளவில் இன்னும் கிடக்கிற மேசைப்பெட்டிக்குப் பக்கத்தில் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்துதான் தொழிலைப் படித்தாராம். கடைக் கணக்கு முழுக்க ஏட்டில் இருந்தும் ஊரிலிருந்து பையனைக் கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். இதைக் கேட்டே வளர்ந்த நான்தான் போல்டரை நம்பினேன்.

அவர்கள் அனுப்பிய பைல்களை நாங்கள் திறந்து பார்த்தோமா என்று கேட்காதீர்கள். கற்கண்டு விவகாரத்துக்குப் பிறகு ஒருவித வெட்கத்தில் திறந்தேன். அதில் ஒன்று: முலாம் முடிந்த பீஸை முதலில் ஓடாத தண்ணீர்த் தொட்டியில் முக்கி, நிக்கல் சேர்ந்த அந்தத் தண்ணீரையே, மெயின் டேங்கில் ஆவியாகிக் குறைகிற அளவுக்கு, அதிலேயே திருப்பி ஊற்றுவது. புது வித்தை ஒன்றும் இல்லை, ஆனால் நாங்கள் செய்யவில்லை. ஓடுகிற தண்ணீரில் கழுவி, கழிவுநீர் சுத்திகரிப்புக்கு அனுப்பி, அங்கே அதே நிக்கலைச் சேறாகப் பிடித்துக் காசு கொடுத்து வெளியேற்றிக்கொண்டிருந்தோம்.

காலி டேங்க் ஒன்றைத் தேடிப் பிடித்து லைனில் வைத்தோம். ரெண்டு வாரம் கழித்து அண்ணன் ஒரு மக்கில் அந்தத் தண்ணீரை மோந்து வெளிச்சத்தில் காட்டினார். இளம்பச்சை.

"இத்தனை வருஷமா இதையா தம்பி சாக்கடைக்கு விட்டுக்கிட்டு இருந்தோம்?"